வயசாயிடுச்சு என்றொரு தீர்ப்பு

தமிழில் மிகக் குறைந்த செலவில் வழங்கப்படும் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. அதற்கு கோர்ட் வேண்டாம், வக்கீல் வேண்டாம், சாட்சி விசாரணை வேண்டாம். 'வயசாயிடுச்சுல்ல...' என்று இழுத்தால் போதும். கேஸ் முடிந்தது.

இந்த ஒரே தீர்ப்பை நாம் இரண்டு விதமான ஆட்களுக்கு வழங்குகிறோம். கவனித்திருக்கிறீர்களா?

முதல் ஆள் இப்படி. தர்மபுரி மாவட்டத்தில் ஏதோ ஒரு பேங்க். பாலக்கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள், பென்னாகரம், அரூர் என்றாலும் சரி. முதியோர் பென்ஷன் எடுக்க ஒரு ஆயா வந்திருக்கிறார். 'எவ்ளோ வேணும்? முழுசா எடுக்கறீங்களா, மிச்சம் வைக்கறீங்களா?' என்று கவுன்ட்டரில் கேட்கிறார்கள். ஆயா உடனே பதில் சொல்வதில்லை. கொஞ்சம் யோசிக்கிறார். மூன்று நொடியோ நான்கு நொடியோ ஆகிறது. அதற்குள் பின்னால் நிற்கிற இளைஞர் உச்சுக்கொட்டுகிறார். கூட வந்த பேரன், 'எல்லாத்தையும் எடுத்துடுங்க சார், அதுக்கு ஒண்ணும் தெரியாது' என்று சொல்லிவிடுகிறான். ஆயாவின் காசு, ஆயாவின் கணக்கு. முடிவெடுத்தது பேரன். காரணம், வயசாயிடுச்சு.

இரண்டாவது ஆள் வேறு மாதிரி. காலையிலிருந்து ஒரே கேள்வியை எட்டு தடவை கேட்கிறார். நாற்பது வருடம் நடந்த தெருவில் வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்கிறார். சாப்பிட்டுவிட்டு, 'எனக்கு யாரும் சோறு போடலை' என்று பக்கத்து வீட்டில் போய் அழுகிறார். டாக்டரிடம் கூட்டிப் போகலாமே என்று யாராவது சொன்னால், 'எதுக்குங்க, வயசானா மறதி சகஜம்தானே' என்கிறோம்.

முதல் ஆளுக்கு மூளை நன்றாக இருக்கிறது. அவரை மூளை கெட்டவராக நடத்துகிறோம். இரண்டாவது ஆளுக்கு மூளையில் நோய். அவரை நோயே இல்லாதவராக நடத்துகிறோம். இரண்டுக்கும் ஒரே வார்த்தையைத்தான் எடுத்து வைத்திருக்கிறோம். இந்த வார்த்தையின் மீதுதான் இந்த வாரம் எனக்குச் சண்டை.

இந்தச் சண்டையில் எனக்குத் துணைக்கு வருவது கம்ப்யூட்டர். ஆச்சரியமாக இருக்கிறதா? பெரியவர்களை அன்றாடம் அவமானப்படுத்துகிற ஏ.டி.எம்., ஓ.டி.பி. வகையறாவைச் சேர்ந்த அதே கம்ப்யூட்டர்தான். அதற்குள் இருக்கிற 'நியூரல் நெட்வொர்க்' என்ற சமாசாரம், கிழவர்களுக்கு ஆதரவாக சில சாட்சியங்களைச் சொல்லியிருக்கிறது.

*

முதலில் இந்த 'மெதுவு' என்ற குற்றச்சாட்டு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

மனிதனின் யோசனையை ஸ்டாப்வாட்ச் வைத்து அளக்கலாம் என்பது 19-ம் நூற்றாண்டு ஐரோப்பாவின் கண்டுபிடிப்பு. இங்கிலாந்தில் ஃபிரான்சிஸ் கால்ட்டன் 1884-ல் லண்டனில் நடந்த சுகாதாரக் கண்காட்சியில் ஓர் அளவைக்கூடம் திறந்தார். மூன்று பென்ஸ் கட்டணம். உள்ளே போனால் உயரம், எடை, பார்வை, கைப்பிடி பலம் எல்லாம் அளந்து சீட்டு தருவார்கள். அந்தக் கண்காட்சியில் மட்டும் 9,337 பேர் காசு கொடுத்து அளந்துகொண்டு போனார்கள். ஒரு சத்தம் கேட்டதிலிருந்து, அல்லது ஒரு சைகை தெரிந்ததிலிருந்து, கை அசைவதற்கு எத்தனை நேரம் ஆகிறது என்பதும் கால்ட்டன் சேகரித்த அளவுகளில் சேர்ந்தது.

அதே கால்ட்டன்தான் அதற்கு முந்தைய வருடம், அதாவது 1883-ல், 'யூஜெனிக்ஸ்' என்ற சொல்லை உருவாக்கியவர். உயர்ந்த மனிதர்கள் பெருக வேண்டும், தாழ்ந்தவர்கள் குறைய வேண்டும் என்ற அந்தச் சித்தாந்தம் பிறகு எங்கே போய் முடிந்தது என்பது உங்களுக்குத் தெரியும். மனிதர்களை வேகத்தால் அளப்பதும் மனிதர்களைத் தரம் பிரிப்பதும் ஆரம்பத்திலிருந்தே பக்கத்துப் பக்கத்து வீட்டில்தான் குடியிருக்கின்றன.

அதற்கப்புறம் நூறு வருடத்துக்கும் மேலாக எத்தனையோ சோதனைக்கூடங்களில் எத்தனையோ பேரை உட்காரவைத்து பட்டன் அழுத்தச் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். முடிவு மாறவே இல்லை. இருபது வயதுக்காரர் பட்டென்று அழுத்துகிறார். அறுபது வயதுக்காரர் கொஞ்சம் தாமதிக்கிறார். 1996-ல் அமெரிக்க உளவியலாளர் திமத்தி சால்ட்ஹவுஸ் இதை ஒரு முழுக் கோட்பாடாகவே ஆக்கினார். வயதானால் மூளையின் வேகம் குறைகிறது, வேகம் குறைவதால்தான் ஞாபகமும் யோசனையும் தேய்கின்றன என்றார்.

தாமதம் உண்மை. அதில் சண்டை இல்லை. ஏன் தாமதம் என்பதில்தான் சண்டை.

*

இப்போது நியூரல் நெட்வொர்க்குக்கு வருகிறேன். பயப்படாதீர்கள், கணக்கு கிடையாது.

மூளையில் நரம்பு செல்கள் ஒன்றோடொன்று இணைந்திருப்பது மாதிரி, கம்ப்யூட்டருக்குள் நிறைய முடிச்சுகளைப் போட்டு ஒன்றோடொன்று இணைக்கிறார்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு பலம் உண்டு. ஒரு கேள்வி கொடுத்து, தப்பான பதில் வந்தால் இணைப்புகளின் பலத்தைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றுகிறார்கள். இதை லட்சக்கணக்கான தடவை செய்தால் அந்த வலை 'கற்றுக்கொள்கிறது'. 1943-ல் மெக்கல்லோக், பிட்ஸ் என்ற இருவர் காகிதத்தில் ஆரம்பித்த யோசனை இது. இந்தத் துறையில் உழைத்த ஜான் ஹாப்ஃபீல்டுக்கும் ஜெஃப்ரி ஹின்ட்டனுக்கும் 2024-ல் இயற்பியல் நோபல் பரிசே கொடுத்தார்கள்.

ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ராம்ஸ்கரும் அவருடைய சகாக்களும் 2014-ல் ஒரு வேலை செய்தார்கள். இந்த வகையைச் சேர்ந்த, படித்துப் படித்துக் கற்றுக்கொள்ளும் எளிமையான ஒரு மாடலை எடுத்துக்கொண்டார்கள். ஒரு மனிதன் வாழ்நாள் முழுக்கப் படிப்பது மாதிரி அதைப் படிக்க வைத்தார்கள். குறைவாகப் படித்த நிலையில் சோதித்தபோது அது இளைஞர் மாதிரி பதில் சொன்னது. ஏராளமாகப் படித்த பிறகு சோதித்தபோது முதியவர் மாதிரி தாமதித்தது.

இதில் விஷயம் என்னவென்றால், அந்த மாடலில் எந்த முடிச்சும் பழுதாகவில்லை. எந்த இணைப்பும் அறுந்துபோகவில்லை. கம்ப்யூட்டருக்கு மூட்டுவலியும் இல்லை, ரத்தக் கொதிப்பும் இல்லை. அதற்கு அதிகம் தெரிந்திருந்தது. தாமதத்துக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

நம்ம ஊர்க் கணக்கில் சொல்கிறேன். ஏழு வயதுப் பையனிடம் 'முனுசாமி வந்தாரா?' என்று கேளுங்கள். டக்கென்று பதில் வரும். அவனுக்குத் தெரிந்தது ஒரே முனுசாமி. அதே கேள்வியை அவனுடைய ஆயாவிடம் கேளுங்கள். ஆயாவுக்குத் தெரிந்த முனுசாமிகள் நாற்பது பேர். மேலத் தெரு முனுசாமி, புளி வியாபாரம் பண்ணின முனுசாமி, ஓகேனக்கல்லில் பரிசல் ஓட்டின முனுசாமி, செத்துப்போன முனுசாமி. 'எந்த முனுசாமி?' என்று ஆயா நிதானமாகக் கேட்பதற்குள் பையன் பதிலைச் சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுவான். ஸ்டாப்வாட்ச் பையனுக்கு முதல் பரிசு கொடுக்கும். நாற்பது முனுசாமிகளை ஞாபகம் வைத்திருப்பதற்கு ஸ்டாப்வாட்சில் மார்க் கிடையாது.

ஞாபகசக்திப் பரிசோதனைகளில் ஒன்று ஜோடிச் சொற்களை மனப்பாடம் செய்யச் சொல்வது. 'மாடு - பால்' என்று ஒரு ஜோடி. 'கலப்பை - ஜன்னல்' என்று ஒரு ஜோடி. பொருந்துகிற ஜோடிகளில் முதியவர்கள் அவ்வளவாகச் சறுக்குவதில்லை. சம்பந்தமே இல்லாத ஜோடிகளில்தான் இளைஞர்களை விடப் பின்தங்குகிறார்கள். கலப்பைக்கும் ஜன்னலுக்கும் சம்பந்தமில்லை என்பதை அறுபது வருட அனுபவம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. அந்த அனுபவத்தை எதிர்த்துத்தான் அவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது என்பது ராம்ஸ்கர் குழுவின் வாதம். இதை மறதி என்று எழுதி வைப்பதா, அறிவு என்று எழுதி வைப்பதா?

*

அடுத்த சாட்சி இன்னும் பெரியது.

பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு கூடை வருகிறது. சரக்கு நல்லதா, அழுகலா? வியாபாரி கையை விட்டு ஒவ்வொரு பழமாக எடுத்துப் பார்க்கிறார். போதும் என்று தோன்றியதும் முடிவைச் சொல்கிறார். இதற்கு ஆகும் மொத்த நேரத்தில் மூன்று பங்குகள் இருக்கின்றன. கையை நீட்டி எடுக்கிற நேரம் ஒன்று. ஒரு பழத்தைப் பார்த்து நல்லது கெட்டது புரிந்துகொள்கிற வேகம் இன்னொன்று. எத்தனை பழம் பார்த்த பிறகு முடிவு சொல்வது என்ற ஜாக்கிரதை மூன்றாவது.

சின்னப் பையன் மூன்று பழம் பார்த்துவிட்டு 'நல்ல சரக்குண்ணே' என்பான். முப்பது வருடம் தக்காளியில் சம்பாதித்து, தக்காளியிலேயே விட்டவர் எட்டுப் பழம் பார்ப்பார். கூடையின் அடியிலும் கையை விடுவார். வாசலில் நின்று ஸ்டாப்வாட்ச் பிடிக்கிறவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு எண். இதில் கை மெதுவா, கண் மெதுவா, ஜாக்கிரதை ஜாஸ்தியா என்பது அந்த எண்ணில் தெரியாது.

மனித மூளை எடுக்கும் சின்னச் சின்ன முடிவுகளை இப்படி மூன்றாகப் பிரித்துப் பார்க்கிற கணக்கு முறை ஒன்று இருக்கிறது. ரோஜர் ராட்க்ளிஃப் என்பவர் 1978-ல் முன்வைத்தது. ஆனால் லட்சக்கணக்கான பேருக்கு அந்தக் கணக்கைப் போடுவது மலையைக் கிள்ளுகிற வேலை. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் ஃபான் கிராவுசா, ராடெவ், ஃபாஸ் ஆகிய மூவர் அதற்கு நியூரல் நெட்வொர்க்கைப் பிடித்தார்கள். முதலில் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஏராளமான கற்பனை ஆட்களை உருவாக்கினார்கள். கை வேகம் இவ்வளவு, யோசனை வேகம் இவ்வளவு, ஜாக்கிரதை இவ்வளவு என்று அவர்களே நிர்ணயித்த ஆட்கள். அவர்களுடைய பதில் நேரங்களையும் தப்புகளையும் மட்டும் காட்டி, 'மூன்றையும் கண்டுபிடி' என்று நெட்வொர்க்கைப் பழக்கினார்கள். பழகிய பிறகு நிஜ ஆட்களின் கணக்கைக் கொடுத்தார்கள். இன்டர்நெட்டில் ஒரு பட்டன் அழுத்தும் சோதனையில் கலந்துகொண்ட 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்கு அது.

2022-ல் 'நேச்சர் ஹியூமன் பிஹேவியர்' இதழில் முடிவு வெளியானது. பதில் சொல்லும் நேரம் இருபது வயதுக்குப் பிறகு கூடிக்கொண்டே போவது உண்மைதான். ஆனால் அந்தத் தாமதத்தில் பெரும்பங்கு இரண்டு விஷயங்களில் இருந்தது. ஒன்று, கை-கண் சமாசாரம். இன்னொன்று, ஜாக்கிரதை. வயது ஏற ஏற, தப்பு செய்யக்கூடாது என்பதற்காக மனிதர்கள் கூடுதல் சாட்சியம் கேட்கிறார்கள். யோசனையின் வேகம் என்கிற அந்த நடுப் பங்கு மட்டும் ஏறத்தாழ 60 வயது வரை பெரிதாகக் குறையவில்லை.

நாற்பது வயதானவரை வேலைக்கு எடுக்கத் தயங்கும் கம்பெனிகள் இதைப் படிக்க வேண்டும். ஐம்பது வயதில், 'அவ்வளவுதான், நமக்கு மூளை மங்கிப்போச்சு' என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொள்ளும் நீங்களும் படிக்க வேண்டும்.

*

இன்னொரு வேடிக்கை சொல்கிறேன்.

நியூரல் நெட்வொர்க்கைப் பழக்கும் என்ஜினீயர்கள், ஆரம்பத்தில் அதை வேகமாகக் கற்றுக்கொள்ள விடுவார்கள். கற்க கற்க, அதன் கற்கும் வேகத்தை அவர்களே வேண்டுமென்றே குறைத்துக்கொண்டு வருவது வழக்கம். இல்லாவிட்டால் கற்றது நிலைக்காது. புதிதாக ஒன்றைச் சொல்லிக்கொடுத்தால் பழையதை மொத்தமாக மறந்துவிடும் வியாதி நெட்வொர்க்குகளுக்கு உண்டு என்பதை 1989-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்கு 'பேரழிவு மறதி' என்றே பெயர். 2017-ல் டீப்மைண்ட் நிறுவனத்தினர் இதற்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். பழைய அறிவுக்கு முக்கியமான இணைப்புகளைக் கண்டுபிடித்து, அவை சீக்கிரம் மாறாதபடி இறுக்கிவிடுவது.

அதாவது, மெஷினைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருசாக்குவது! புதுசுக்கு உடனே தலையாட்டாமல், 'இருப்பா, யோசிச்சு சொல்றேன்' என்று இருக்க வைப்பது.

அதோடு விடவில்லை. 2024 செப்டம்பரில் ஓப்பன் ஏ.ஐ. கம்பெனி 'ஓ1' என்ற மாடலை வெளியிட்டபோது அதன் பெருமையாக எதைச் சொன்னது தெரியுமா? பதில் சொல்வதற்கு முன்னால் இது அதிக நேரம் யோசிக்கும் என்று. மெஷின் நேரம் எடுத்துக்கொண்டால் அதற்குப் பெயர் முன்னேற்றம். தனிக் கட்டணம் கட்டி அதை வாங்கிக்கொண்டு, திரையில் புள்ளிகள் ஓடுவதைப் பார்த்தபடி நாமும் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறோம். சொந்த அம்மா நான்கு நொடி எடுத்துக்கொண்டால், 'சீக்கிரம் சொல்லும்மா, எனக்கு வேலை இருக்கு' என்கிறோம்.

*

'அப்படியானால் வயதானால் மூளைக்கு ஒன்றுமே ஆகாது என்கிறீர்களா?' என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும்.

இல்லை. அப்படிச் சொன்னால் அது பொய்.

இதே நியூரல் நெட்வொர்க்கை வைத்து எதிர்க்கட்சியும் சாட்சி கொண்டுவந்திருக்கிறது. பெர்லினில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த ஷூ-சென் லி, லிண்டன்பெர்கர் ஆகியோரும் அவர்களுடன் சிக்ஸ்ட்ரோமும் 2001-ல் ஒரு மாடலை முன்வைத்தார்கள். வயதாக ஆக மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேலை குறைகிறது. அதற்கு இணையாக, நெட்வொர்க்கில் முடிச்சுகளின் உணர்திறனைக் குறைத்துப் பார்த்தார்கள். ரேடியோவில் கரகரப்பு கூடுவது மாதிரி உள்ளே இரைச்சல் கூடியது. ஒரு விஷயத்துக்கும் இன்னொரு விஷயத்துக்கும் வித்தியாசம் மங்கியது. அந்த மாடலும் முதியவர்களைப் போலவே தடுமாறியது.

ஆக, நிறையத் தெரிந்ததால் தாமதிக்கிற நெட்வொர்க்கும் இருக்கிறது. உள்ளே தேய்ந்ததால் தாமதிக்கிற நெட்வொர்க்கும் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் தாமதம்தான். ஹைடல்பெர்க்காரர்களின் கணக்கிலும் 60-க்குப் பிறகு யோசனை வேகம் இறங்கத்தான் செய்கிறது. வயதானால் மூளை ஓரளவு சுருங்குவதை ஸ்கேன் காட்டுகிறது. இதையெல்லாம் மறைத்துவிட்டு 'பெருசுங்க எல்லாம் ஞானிங்க' என்று கோஷம் போட நான் வரவில்லை.

நான் சொல்வது இதுதான். வெளியில் தெரியும் தாமதத்தை மட்டும் பார்த்து உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல முடியாது. 10 லட்சம் பேருடைய கணக்கையும் ஒரு நெட்வொர்க்கையும் வைத்துக்கொண்டு விஞ்ஞானிகளே சிரமப்பட்டுப் பிரிக்கிற விஷயத்தை, பேங்க் கியூவில் நிற்கும் நாம் ஒரு உச்சுக்கொட்டலில் பிரித்துவிடுகிறோம். அந்தத் திமிரைத்தான் எதிர்க்கிறேன்.

தேய்மானமும் நோயும் ஒன்றில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவிகிதம் பேருக்கு, சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் இருக்கிறது என்று 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். நகரத்தைவிட கிராமத்தில் அதிகம். இவர்கள்தான் நான் ஆரம்பத்தில் சொன்ன இரண்டாவது ஆள். 'சகஜம்தானே' என்ற தீர்ப்பால் டாக்டரையே பார்க்காமல் போகிறவர்கள்.

*

இப்போது தர்மபுரிக்கு வருகிறேன். ஏன் தர்மபுரி?

அந்த 10 லட்சத்துச் சொச்சம் பேர் யார் என்று யோசித்துப் பாருங்கள். இன்டர்நெட் வைத்திருப்பவர்கள். கீபோர்டு பழகியவர்கள். பெரும்பாலும் மேலை நாட்டுக்காரர்கள். சித்தேரி மலையில் சாமை விதைக்கிற பாட்டி அதில் இல்லை. காரிமங்கலம் சந்தையில் கூறு கட்டி விற்கும் தாத்தா அதில் இல்லை. 2011 சென்சஸில் தர்மபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 சதவிகிதம். தமிழ்நாட்டில் கடைசி இடம். இன்றைக்கு எழுபதைக் கடந்து நிற்கிறவர்கள் பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் இருந்தபோது தர்மபுரி தனி மாவட்டமாகக்கூட இல்லை. சேலத்திலிருந்து அது பிரிந்ததே 1965-ல்தான்.

இப்படிப்பட்டவர்களுக்கு மூளை எப்படி இருக்கிறது என்று எதை வைத்து அளப்பீர்கள்? உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு பரிசோதனை, அமெரிக்காவில் ஃபோல்ஸ்டீன் என்பவர் 1975-ல் உருவாக்கியது. 'இன்று என்ன தேதி?', '100-லிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள்', 'ஒரு வாக்கியம் எழுதுங்கள்' என்றெல்லாம் போகும். பள்ளிக்கூடமே போகாத ஆயாவிடம் வாக்கியம் எழுதச் சொன்னால், மறதிநோய் இல்லாமலே ஃபெயில்!

இதைச் சரிசெய்தவர்களும் நம் நாட்டில்தான் இருக்கிறார்கள். 1990-களில் டெல்லிக்குப் பக்கத்தில் பல்லப்கர் கிராமங்களில் மேரி கங்குலி குழுவினர், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கென்றே இந்தியில் இதை மாற்றி அமைத்தார்கள். வாக்கியம் எழுதச் சொல்வதற்குப் பதில், 'உங்க வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்க' என்று கேட்டார்கள். எவ்வளவு எளிமை, எவ்வளவு மரியாதை! 1998-ல் கொச்சியில் கூடிய ஆராய்ச்சியாளர்கள் ஆரம்பித்த குழுவுக்குப் பெயரே '10/66'. மறதிநோயாளிகளில் 66 சதவிகிதம் பேர் ஏழை, வளரும் நாடுகளில். அவர்களைப் பற்றிய ஆராய்ச்சியோ 10 சதவிகிதம்கூட இல்லை. அந்தக் கோபமே பெயராகிவிட்டது. சென்னையிலும் வேலூரிலும் அவர்கள் ஆய்வு நடத்தினார்கள். நம் எல்லையைத் தாண்டி கோலார் மாவட்டம் சீனிவாசபுரத்தில், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த மூளை ஆராய்ச்சி மையம் 2018-லிருந்து கிராமத்து மக்களின் மூளை எப்படி முதுமை அடைகிறது என்று வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்து வருகிறது.

கோலார் கிராமத்துப் பாட்டியின் மூளைக்கு இருக்கிற மரியாதை, தர்மபுரிப் பாட்டியின் மூளைக்கும் கிடைக்க வேண்டாமா?

தர்மபுரிக்கு ஒரு தனிச் சிறப்பும் இருக்கிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் மண் இது. பள்ளிக்கூடம் எட்டிப் பார்க்காத ஒரு கிழவி வீட்டில் தெலுங்கு, சந்தையில் தமிழ், சம்பந்தி வீட்டில் கன்னடம் என்று பேசுவதை இங்கே சாதாரணமாகப் பார்க்கலாம். ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 மறதிநோயாளிகளை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்ட முடிவு என்ன தெரியுமா? ஒரு மொழி மட்டும் தெரிந்தவர்களைவிட, ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுகிறவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை வருடம் தாமதமாகவே தலைகாட்டியிருந்தது. எழுத்தறிவே இல்லாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்தது. மற்ற ஊர்களில் நடந்த சில ஆய்வுகளில் இப்படிக் கிடைக்கவில்லை என்பதால் விவாதம் முடியவில்லை. ஆனால் இந்த விவாதத்தில் உலகத்துக்கே சாட்சி சொல்லத் தகுதியான கிழவிகள் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களைத்தான் 'ஒண்ணும் தெரியாது' என்று பேரன் சொல்கிறான்.

இந்த மண்ணின் பழைய கதையையும் மறந்துவிட வேண்டாம். தர்மபுரி என்பது அந்தக் காலத் தகடூர். அதியமான் ஆண்ட ஊர். நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனி கிடைத்தபோது அதைத் தான் சாப்பிடாமல் ஔவைக்குக் கொடுத்தான் என்பது நாம் ஸ்கூலில் படித்தது. தொண்டைமானிடம் தூது போவதற்கும் அவன் ஔவையைத்தான் அனுப்பினான். இதில் ஒரு நுட்பம் உண்டு. அந்தச் சங்ககால ஔவை கிழவி என்பதற்குப் பாடல்களில் ஆதாரம் கிடையாது. பின்னால் வந்த ஔவைகளையும் சேர்த்துக் குழைத்து, கையில் கோல் கொடுத்து, கூந்தலை நரைக்க வைத்தது தமிழ் மனசு. அறிவு என்றால் அதற்கு வயசான முகம்தான் பொருத்தம் என்று நினைத்த காலம் ஒன்று இருந்திருக்கிறது.

ரொம்பப் பழசு வேண்டாமென்றால் ராஜாஜி. 2004-ல் கிருஷ்ணகிரி பிரியும்வரை தர்மபுரி மாவட்டத்தில் இருந்த ஓசூர்ப் பக்கத்துத் தொரப்பள்ளிதான் சொந்த ஊர். அவர் அரசியலோடு நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடுங்கள். ஆனால் 1959-ல் சுதந்திரா கட்சியை ஆரம்பித்து நேருவை எதிர்த்து நின்றபோது அவருக்கு வயது 80. அவருடைய ஆயுள்கால எதிரியும் நண்பருமான பெரியார், 94 வயதில் சாகும்வரை மேடையில் பேசிக்கொண்டிருந்தார். 2006-ல் கருணாநிதி முதலமைச்சரானபோது அவருக்கு 81. நாட்டை ஒப்படைக்க நமக்கு 80 வயதுக்காரர் ஓ.கே. பேங்க் பாஸ்புக்கை ஒப்படைக்க 65 வயதுக்காரர் ஆகாது. இது என்ன நியாயம்?

*

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்கிறீர்களா? பெரிய திட்டமெல்லாம் இல்லை.

ஒன்று. முதியவர்கள் பயன்படுத்தும் எந்த மெஷினிலும் அவசரம் கூடாது. ஏ.டி.எம். திரையில் 'நேரம் முடிந்துவிட்டது' என்று கார்டைத் துப்புவதை யாரோ ஒரு என்ஜினீயர் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார். அதை இன்னொரு என்ஜினீயர் மாற்ற முடியும். 'எனக்குக் கூடுதல் நேரம் வேண்டும்' என்று ஒரு பட்டன் வைத்தால் எந்த பேங்க்கும் திவாலாகிவிடாது. ஜாக்கிரதையான ஆளை அவசரப்படுத்தினால் என்ன நடக்கும்? தப்பு நடக்கும். அந்தத் தப்பைக் காட்டி, 'பார்த்தியா, வயசாயிடுச்சு' என்போம்.

இரண்டு. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை 2021 ஆகஸ்ட்டில் தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டத்து சாமனப்பள்ளியில். வீடு தேடிப் போய் பிரஷர், சுகர் பார்க்கிறார்கள். நல்ல காரியம். அதே தன்னார்வலர் ஆயாவின் பக்கத்தில் உட்கார்ந்து, 'உங்க வீட்டைப் பற்றிச் சொல்லுங்க' என்று ஆரம்பித்துப் பத்துக் கேள்விகள் கேட்க எவ்வளவு நேரமாகிவிடும்? தமிழில், தேவைப்பட்டால் தெலுங்கிலும் கன்னடத்திலும் கேட்கட்டும். சந்தேகம் வந்தால் 2008-லிருந்து இயங்கும் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பட்டும்.

மூன்று. காதும் கண்ணும். பதில் தாமதமாவதற்குக் காரணம் கேள்வியே காதில் சரியாக விழாததாக இருக்கலாம். 'லான்செட்' மருத்துவக் குழு 2024-ல் வெளியிட்ட அறிக்கை, உலகில் மறதிநோய்களில் 45 சதவிகிதம் வரை, 14 காரணங்களைச் சரிசெய்வதன் மூலம் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது. காது கேளாமை, கவனிக்கப்படாத பார்வைக் குறைவு, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, புகை, குறைந்த கல்வி எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கண்புரை ஆபரேஷனும் காதுமெஷினும் மூளை வைத்தியத்திலும் சேர்த்தி என்பதை அரசாங்கமும் உணர வேண்டும், பிள்ளைகளும் உணர வேண்டும்.

நான்கு. இது உங்களுக்கு. வீட்டில் பெரியவர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால், அதை அவரே முடிக்கட்டும். நடுவில் புகுந்து நீங்கள் முடித்துவைக்காதீர்கள். அவரிடம் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள். ஆனால் அதே கேள்வியை எட்டாவது முறை கேட்கிறார் என்றால், தெரிந்த வழியில் தொலைகிறார் என்றால், தினம் செய்த வேலையைச் செய்யத் தெரியாமல் விழிக்கிறார் என்றால், 'சகஜம்' என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

நான்குமே காசு அதிகம் ஆகாத விஷயங்கள். 2011 கணக்குப்படியே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபதைக் கடந்தவர்கள். அதற்கப்புறம் அது கூடிக்கொண்டேதான் போகிறது. கியூவில் பின்னால் நின்று உச்சுக்கொட்டிய அந்த இளைஞரும் ஒருநாள் இந்தக் கணக்கில் சேரத்தான் போகிறார்.

முதியோர் பென்ஷன் 2023-ல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அதில் எவ்வளவு எடுப்பது, எவ்வளவு மிச்சம் வைப்பது என்று ஆயா யோசிக்கிறார். மருந்துக் கடை பாக்கி, பேத்தியின் நோட்டுப் புத்தகம், அடுத்த மாதம் வரப்போகும் கோயில் திருவிழா, போன மாதம் ஏமாற்றிய மளிகைக்காரர் எல்லாம் அந்த நான்கு நொடியில் வந்து போகிறார்கள். அடுத்த முறை அப்படி ஒருவருக்குப் பின்னால் நிற்க நேர்ந்தால், தயவுசெய்து அந்த நான்கு நொடியை அவருக்கே விட்டுவிடுங்கள்.